ஒரு நாள் பிந்தின வெண்பா

கவிதை எழுதுவன் எண்டு இத்தாலியிலை, பலெர்மோவிலை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஆனா எல்லாருக்கும் தெரியும். கால்சாத் தெருவளிலை ஒரு தமிழன் தும்மினால் கபோச் சந்தையிலை மரக்கறி வாங்கிற தமிழன் சுகம் விசாரிப்பான், அப்பிடித்தான் அப்ப எங்கடை சீவியம். என்னட்டை ஒரு கொப்பி இருந்தது. அதிலை வரி வரியாய் எழுதி வைச்சிருந்தன். ஒரு வரியை எங்கை முறிக்கிறது எண்டு மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. மூச்சு முடியிற இடத்திலை முறிச்சன். தடிமன் பிடிச்ச நாளிலை எழுதினதெல்லாம் ரெண்டு சொல்லு, மூண்டு சொல்லு வரியள். அதை வாசிச்ச கூட்டாளி ஒருத்தன், இது நல்ல இறுக்கமான கவிதை எண்டு சொன்னான். தடிமன் கதையை நான் அவனுக்குச் சொல்லேல்லை.

இது தொண்ணூறுகளின்ரை நடுவிலை. எனக்கு இருபத்தைஞ்சு வயசு. வயசுபோன ஒரு இத்தாலிக்காரி வீட்டிலை வேலை, சிஞ்ஞோரா எண்டுதான் கூப்பிடோணும். அவவின்ரை வீட்டைத் துடைக்கிறதோடை அந்தக் கட்டிடத்தின்ரை அஞ்சு மாடிப் படியையும் கழுவோணும். நான் இருந்தது கால்சாவிலை, பூச்சு உதிர்ந்த ஒரு பழைய வீட்டின்ரை கீழ் அறையிலை. மேல் அறையிலை ஒரு அக்கா. சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயசு மூத்தவ, ஊரிலை எங்கடை பக்கத்துக் கிராமம், அவ்வளவுதான். அவவும் வேறை ஒரு சிஞ்ஞோரா வீட்டிலைதான் வேலை. அவவின்ரை மனிசன் நகரத்து விளிம்பிலை, ஸ்ஃபெர்ராகவால்லோ எண்ட கடற்கரையிலை ஒரு மீன் சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவிறவர். கிழமையிலை ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். அக்கா சமைச்சால் எனக்கும் ஒரு கோப்பை கீழை வரும். கோப்பையைக் கழுவாமல் திருப்பிக் குடுத்தால் ஏச்சும் வரும்.

ஒரு நாள் பின்னேரம் கொழும்பிலை இருந்து ஆரோ ஒரு சொந்தக்காரர் ரெலிபோன் எடுத்து, அக்காவின்ரை அம்மா போன கிழமை காலமாயிட்டா எண்டு சொன்னார். போன கிழமை எந்த நாள் எண்டு கேக்கிறதுக்கிடையிலை லைன் அறுந்து போச்சு. யாழ்ப்பாணத்திலை அப்ப போனும் இல்லை, பாதையும் இல்லை. அக்காவின்ரை விசாக் கடுதாசி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் குடுத்து குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை கிடந்தது. அது கையிலை இருந்திருந்தாலும் போய்ச் சேந்திருக்க ஏலாது. அக்கா மூண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. நாலாம் நாள் போனா.

அவவாலை செய்யக்கூடியது ஒண்டே ஒண்டுதான். முப்பத்தோராம் நாள் இஞ்சை இருக்கிற சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்து, எல்லார் கையிலையும் ஒரு கல்வெட்டுக் குடுக்கிறது. கல்வெட்டு எண்டால் கல்லு இல்லை. செத்தவையின்ரை படம் போட்டு, தேவாரம் போட்டு, பிள்ளையள் பேரப்பிள்ளையள் புலம்பிற பாட்டுப் போட்டு அடிக்கிற சின்னப் புத்தகம். அதின்ரை முதல் பக்கத்திலை ஒரு வெண்பா இருக்கோணும். எந்த மாதம், எந்தப் பிறை, எந்தத் திதியிலை சீவன் போனது எண்டு நாலு அடியுக்குள்ளை சொல்லோணும். பேந்து வருஷா வருஷம் திவசத்துக்கு நாள் பாக்கிறவை அந்த வெண்பாவைத்தான் எடுத்துப் பாப்பினம். அது இல்லாத கல்வெட்டை எங்கடை சனம் கல்வெட்டு எண்டே சொல்லாது.

அக்கா என்னைக் கூப்பிட்டு, கல்வெட்டு நீதான் எழுதோணும் எண்டா. ஓம் எண்டன். வெண்பாவும் எண்டா. அதுக்கும் ஓம் எண்டன். வெண்பா எழுத எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலை அந்தப் பாடம் நடந்த நாளுகளிலை பங்கருக்குள்ளை இருந்த நேரம்தான் கூட. கவிதை எழுதிற ஒருத்தன் அழுது கொண்டிருக்கிற மனிசிக்கு முன்னாலை, உது எனக்குத் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லிறது? இப்ப நினைக்க அது வெறும் திமிர் எண்டு தெரியுது. அப்ப இரக்கம் எண்டு நினைச்சன்.

ஊரிலை இருந்து அக்காவின்ரை தம்பி எழுதின கடிதம் கொழும்பாலை வந்த ஒருத்தரின்ரை கையிலை வந்து சேந்தது. அக்கா முதல் ரெண்டு வரி வாசிச்சா. அதுக்கு மேலை வாசிக்காமல் மடிச்சு என்னட்டைத் தந்தா.

"என்னாலை ஏலாது. நாள் திதி எல்லாம் உதிலை எழுதியிருப்பான். நீ பாத்து எழுது."

ஆக, அந்தக் கடிதத்தை முழுக்க வாசிச்ச ஒரே ஆள் நான். தாய் செத்தது ஆடி மாதத் தேய்பிறைத் திரயோதசி விடியப்புறம் எண்டு தம்பி வடிவா எழுதியிருந்தார். கடைசிச் சொட்டுத் தண்ணி குடிக்கேக்கையும், அவள் அங்கை சாப்பிட்டாளோ எண்டுதான் அம்மா கேட்டவ எண்டும் எழுதியிருந்தார்.

வெண்பா படிக்க எனக்குப் புத்தகம் கிடைக்கேல்லை. கிடைச்சது மூண்டு பழைய கல்வெட்டு. எங்கடை ஆக்கள் பிறந்த அத்தாட்சிக் கடுதாசியோடை ஒரு கல்வெட்டையும் சூட்கேசுக்குள்ளை வைச்சுத்தான் நாடு விட்டு நாடு வருவினம். வீடு வீடாய்ப் போய் இரந்து வாங்கி, அந்த வெண்பாக்களைப் பென்சிலாலை துண்டு துண்டாய் வெட்டிப் பாத்தன். சொல்லுக்குள்ளை ஒத்தைத் தட்டு, இரட்டைத் தட்டு எண்டு ரெண்டு வகை இருக்கு, எதுக்குப் பிறகு எது வரலாம் எண்டு ஒரு கட்டுப்பாடு இருக்கு, கடைசி அடி குட்டையாய் வந்து டக்கெண்டு நிக்கோணும். இவ்வளவும் பிடிபட்டுது. ஆனா முதல் கல்வெட்டிலை சரிவந்த கணக்கு ரெண்டாவதிலை வராது. ரெண்டாவதுக்குப் பொருந்தினது மூண்டாவதிலை உடைஞ்சு போகும். என்ரை மண்டையிலைதான் ஏதோ பிழை எண்டு நினைச்சன். அந்த மூண்டிலை ரெண்டு வெண்பா எழுதினவையே பிழையா எழுதினது எண்டு கன காலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நாசமறுவார் என்னை என்ன பாடு படுத்திப் போட்டினம்!

படி கழுவேக்கை பழகினன். ஒத்தைத் தட்டுக்கு ஒரு படி, இரட்டைத் தட்டுக்கு ரெண்டு படி எண்டு வாய்க்குள்ளை முணுமுணுத்துக் கொண்டு, வாளியோடை ஏறி இறங்குவன். ஒரு நாள் சிஞ்ஞோரா கதவைத் திறந்து கன நேரம் பாத்துக் கொண்டு நிண்டா. பேந்து கிட்ட வந்து, லோட்டோவுக்கு எந்த நம்பர் வரும் எண்டு பாக்கிறியோ, எனக்கும் சொல்லன் எண்டு ரகசியமாய்க் கேட்டா. கவிதை எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. அந்தக் கிழமை முழுக்க என்னோடை முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை.

முதல் ரெண்டு அடியும் ஒரு மாதிரி வந்திட்டுது. மாதமும் பிறையும்தானே. கடைசி அடியை நினைச்சால் எனக்கே பெருமை. இடறினது மூண்டாம் அடி. திரயோதசி எண்ட சொல் வெண்பாவுக்குள்ளை நிக்காது. அதின்ரை நீளம் அப்பிடி. எங்கை கொண்டு போய் வைச்சாலும் ஓசை முறிஞ்சு விழும். நாலு நாள் படியிலை ஏறி இறங்கிப் பாத்தன். முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருந்தது. அப்பதான் அடுத்த திதியின்ரை பேரை, சதுர்த்தசியை, சும்மா வைச்சுப் பாத்தன். சும்மாதான். பூட்டுக்குத் திறப்புப் போட்ட மாதிரி டக்கெண்டு இருந்திட்டுது.

நாடும் சதுர்த்தசி நாளில் எமதன்னை
வீடுற்றாள் எம்மை விடுத்து.

வாசிச்சுப் பாக்க உடம்பு புல்லரிச்சுது. இது நான் எழுதினதோ எண்டு எனக்கே ஆச்சரியம். ஒரு நாள் முன்னையும் பின்னையும் போனால் என்ன, விடியப்புறம்தானே, ரெண்டு நாளுக்கும் நடுவிலைதானே எண்டு எனக்கு நானே சொன்னன். விடியப்புறம் ரெண்டு திதிக்கும் நடு எண்டு எந்தப் பஞ்சாங்கத்திலையும் இல்லை. அது எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் எழுதினன். கவிதைக்கு அந்த உரிமை இருக்கு எண்டு எங்கையோ வாசிச்ச ஞாபகம், அல்லது வாசிச்சது எண்டு நானே உண்டாக்கின ஞாபகம்.

கபோவுக்குப் பக்கத்திலை ஒரு போட்டோக்கொப்பிக் கடையிலை கல்வெட்டு அடிச்சம். அம்மாவின்ரை படம் கொப்பியிலை கறுத்துப் போய், மூக்குத்தி மட்டும் வெள்ளைப் புள்ளியாய்த் தெரிஞ்சுது. ஆனா வெண்பாவை எல்லாரும் புகழ்ந்திச்சினம். சாப்பிட்டுக் கை கழுவின ஒருத்தர் ஈரக்கையாலை என்ரை தோளைத் தட்டி, ஊரிலை கூட இப்ப இப்பிடி எழுத ஆள் இல்லை எண்டார். அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குக் கீழை கொழுவினா. ஊருக்கு அனுப்பின பிரதி போய்ச் சேரவேயில்லை. யுத்தத்துக்குள்ளை அப்ப தபால் அப்பிடித்தான்.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. லண்டனிலை இருந்து வந்த தமிழ்க் கலண்டரையும் என்ரை வெண்பாவையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு அக்கா நாள் குறிச்சா. அந்த நாளிலை லீவு எடுக்கிறது சின்ன அலுவல் இல்லை. அக்காவின்ரை சிஞ்ஞோரா குடும்பம் வெயிலுக்குக் கடற்கரை வீட்டுக்குப் போற காலம், பெட்டி அடுக்கவே அக்கா வேணும். அவ சண்டை பிடிச்சு லீவு எடுத்தா. விரதம் இருந்து, தாய்க்குப் பிடிச்ச பாகற்காய்க் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் வைச்சு, படத்துக்கு முன்னாலை இலை போட்டா. வாழையிலை இல்லை, பெரிய பேப்பர்த் தட்டு. படைச்சு முடிஞ்சதும் முதல் கோப்பை எனக்கு. நான் சாப்பிட்டன். மூண்டு வருஷம் அப்பிடிச் சாப்பிட்டன். முதல் வருஷம் தண்ணியோடை விழுங்கினன். மூண்டாம் வருஷம் ருசியாத்தான் இருந்தது. மனிசன் எதுக்கும் பழகிறான் எண்டது எனக்கு இண்டைக்கும் பயத்தைத் தாற விஷயம்.

அந்த மூண்டாம் வருஷத்துக்குப் பிறகுதான் தம்பியிட்டை இருந்து கடிதம் ஒழுங்கா வரத் தொடங்கினது. திரயோதசியிலை அம்மாவின்ரை திவசம் செய்தம், நீயும் செய்திருப்பாய் எண்டு எழுதியிருந்தார். அக்காவுக்கு வந்த கோவத்தைப் பாக்கோணும். பெத்த தாயின்ரை நாளையே மறந்த ஆம்பிளை எண்டு பொரிஞ்சு தள்ளினா. சட்டத்தைக் கழட்டி எனக்கு முன்னாலை வைச்சு, பார், இஞ்சை அச்சிலை கிடக்கு, அவன் என்னெண்டு மாத்திச் சொல்லுவான் எண்டு என்னையே நீதி கேட்டா. நான் சட்டத்தை வாங்கித் திருப்பி ஆணியிலை கொழுவினன். அக்கா தம்பிக்குச் சூடா எழுதிப் போட்டா. பதிலிலை ஒரே ஒரு வரிதான் வந்தது. நான் அப்ப எழுதின கடிதத்தை எடுத்து வாசி எண்டு. அதோடை அவர் கடிதத்தை நிப்பாட்டிட்டார். அவவுக்கு ஊரிலை மிஞ்சியிருந்த ஒரே உறவு அந்தத் தம்பிதான்.

அக்கா கீழை வந்து, அந்தக் கடிதம் உன்னட்டையெல்லோ எண்டா. தேடிப் பாக்கிறன் எண்டன். தேட என்ன கிடக்கு, அது என்ரை கவிதைக் கொப்பிக்குள்ளைதான் மூண்டு வருஷமாய்க் கிடந்தது. கிழிச்சுப் போடுவமோ, துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவமோ, ஒண்டும் விளங்கேல்லை. ஒரு கிழமை படி கழுவினனோ இல்லையோ எண்டு கூடத் தெரியாது. என்னைக் காப்பாத்த ஏதேனும் சாட்டுக் கிடைக்குமோ எண்டு அந்தப் பழைய மூண்டு கல்வெட்டையும் திருப்பி எடுத்துப் பாத்தன். மூண்டாவதிலை ஒரு சொல் ரெண்டாய் உடைஞ்சு, நடுவிலை இடைவெளி விட்டு அச்சடிச்சுக் கிடந்தது. நான் அதை அச்சுப்பிழை எண்டு நினைச்சு அந்த நேரம் பென்சிலாலை வளைச்சுச் சேத்து வைச்சிருக்கிறன். இப்ப தட்டிப் பாக்க, ஓசை அச்சொட்டாய் நிண்டுது. நீளமான சொல்லை வெண்பாவிலை உடைச்சு ரெண்டு இடத்திலை வைக்கலாம். வழி என்ரை கையிலையே இருந்தது. நான் அதைத் திருத்தியெல்லோ வைச்சிருக்கிறன்! அண்டைக்கு என்னிலை எனக்கு வந்த வெறுப்பை எழுத எனக்கு இப்பவும் தெரியாது.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுவேலை செய்யிற எங்கள் எல்லாருக்கும் லீவு. கடிதத்தை எடுத்துக் கொண்டு மேலை ஏறினன். அக்கா உடுப்பு மடிச்சுக் கொண்டிருந்தா.

"அக்கா, உங்கடை தம்பியிலை பிழை இல்லை. திதியை மாத்தினது நான்."

"ஏன் மாத்தினனி?"

"பாட்டுக்குள்ளை நிக்கேல்லை."

சொல்லேக்கையே எனக்குக் கேவலமாக் கிடந்தது. ஏசுவா எண்டு நினைச்சன். ஏசினால் நல்லது எண்டும் நினைச்சன். அக்கா கடிதத்தை வாங்கி, கட்டிலிலை இருந்து, முதல் தடவையாய்க் கடைசி வரைக்கும் வாசிச்சா. சாப்பிட்டாளோ எண்டு தாய் கேட்ட இடத்துக்கு வந்திருக்கிறா எண்டு, விரலை அந்த வரியிலை வைச்சு நிப்பாட்டினதிலை தெரிஞ்சுது. அந்த வரியை நான் ஏன் கல்வெட்டிலை போடேல்லை? பாலூட்டினீர் தாலாட்டினீர் எண்டு எல்லாக் கல்வெட்டிலையும் இருக்கிறதையே ஏன் திருப்பித் திருப்பி எழுதினன்? அண்டைக்கும் விளங்கேல்லை, இண்டைக்கும் சரியா விளங்கேல்லை. அக்கா கடிதத்தை மடிச்சிட்டு, என்னைப் பாக்காமல் வாசல் கதவைப் பாத்தா.

"அப்ப அம்மா மூண்டு வருஷமும் முதல் நாளே வந்து, இஞ்சை ஒண்டும் இல்லையெண்டு பாத்திட்டுத் திரும்பிப் போயிருப்பா, என்ன?"

திதியிலை செத்தவை வந்து சாப்பிடுவினம் எண்டதை நான் நம்பிறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. ஆனா அண்டைக்கு அந்தக் கதவடியிலை, மூக்குத்தி போட்ட ஒரு மனிசி, தெரியாத நாட்டிலை இவ்வளவு படி ஏறி வந்து, பசியோடை நிண்டிட்டுப் போனதை நான் கண்டன். அழுதன். அக்கா அழேல்லை.

தம்பிக்கு நீதான் எழுதோணும், நான் எழுதமாட்டன் எண்டு மட்டும் சொன்னா. எழுதினன். அளவு இல்லை, ஓசை இல்லை, வரி முறிக்கிற கரைச்சல் கூட இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிறது மட்டும்தான். அதுக்கு எனக்குப் பதினொரு தாள் கிழிக்க வேண்டி வந்தது. கவிதை எழுதப் படிச்சது கல்வெட்டிலையோ இந்தக் கடிதத்திலையோ எண்டு கேட்டால், என்ன சொல்லிறது எண்டு தெரியாது. மேல் வீட்டுக் கோப்பை கன மாதம் கீழை வரேல்லை. கோப்பை திரும்பி வர முதலே தம்பியின்ரை கடிதம் அக்காவுக்கு வந்திட்டுது.

அடுத்த ஆடிக்கு முதல் அக்கா என்னைக் கூப்பிட்டா. நான் திருத்தி எழுதின வெண்பாவையும் கொண்டு போனன். ஒரு இடம்தான் மாத்தம்.

நாடும் திரயோ தசியில் எமதன்னை
வீடுற்றாள் எம்மை விடுத்து.

அக்கா ரெண்டு தரம் வாய்விட்டு வாசிச்சா. முதல் எழுதினதுதான் வாய்க்கு வடிவாக் கிடக்கு எண்டா. எனக்குத் தலை சுத்திச்சுது. ஆனாலும் பழசைக் கழட்டிப் புதுசைச் சட்டத்துக்குள்ளை வைச்சா. பழசை எறியாமல் அதுக்குப் பின்னாலை வைச்சா. பேந்து என்ன செய்யிறது எண்டு அவவே முடிவு சொன்னா.

"மூண்டு வருஷம் பிழையான நாளிலை கூப்பிட்டிருக்கிறம். அம்மாவும் குழம்பிப் போயிருப்பா. ரெண்டு நாளும் வைப்பம். ரெண்டாம் நாள் நீ சமை."

திரயோதசியிலை அக்கா சமைச்சுப் படைச்சா. சதுர்த்தசியிலை நான் என்ரை சிஞ்ஞோராட்டைக் கெஞ்சி லீவு எடுத்து, விரதம் இருந்து, வாழ்க்கையிலை முதல் தரம் பாகற்காய்க் கறி வைச்சன். அதுக்கு அளவு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. மொட்டை மாடியிலை காகத்துக்கு வைச்ச சோத்தைப் புறாவும் கடல் புறாவும் அடிபட்டுத் திண்டுதுகள். காகம் ஒண்டும் வரேல்லை. அக்கா விளக்கைக் கொளுத்தினா. நான் தட்டைப் படத்துக்கு முன்னாலை வைச்சிட்டு, கையை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் ஒதுங்கி நிண்டன். அக்கா என்ரை கையைப் பிடிச்சு இழுத்து முன்னாலை விட்டா. தாயோடை கதைக்கிற மாதிரி, சாதாரணமாத்தான் சொன்னா.

"அம்மா, உங்களை மூண்டு வருஷம் நாள் மாத்திக் கூப்பிட்டவன் இவன்தான். இண்டைக்குச் சமைச்சதும் இவன்தான். சாப்பிட்டிட்டுப் போங்கோ."